மாத்திரை போட்டாச்சா?

5 ஜனவரி 2009, திங்கள்

மளிகைக் கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். போன வருடம் பிப்ரவரியோடு நிறுத்திவிட்டேன். இந்த வருடம் அப்படி விட முடியாது. எழுதுவதற்கு இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் வந்திருக்கிறது.

முதலாவது, எங்கள் ஆஸ்பத்திரி வானொலிக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து வயது நிறைகிறது. செயலாளர் அருமைநாயகம் சார் வெள்ளிவிழா மலர் போடப்போகிறார். நிலைய வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். "உங்களைவிடப் பொருத்தமானவர் எவருளர்?" என்றார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் குழம்பு கேட்பதும் இந்தத் தமிழில்தானோ என்னவோ. பேர்தான் வானொலி, வானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு மைக், ஓர் ஆம்ப்ளிபையர். அங்கிருந்து ஒயர் இறங்கி ஆறு வார்டுகளுக்கும் போகிறது. சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு வரை நோயாளிகள் கேட்ட பாட்டைப் போடுவோம், நடுநடுவே பேசுவோம். எல்லோரும் சும்மா வந்து செய்கிறவர்கள்தான். சம்பளம் இல்லை, டீ உண்டு. 1986இலிருந்து பேசுகிறவள் நான். பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு மாலையில் இங்கே வந்து பேசுவேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் காதில் விழுந்திருப்பேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

இரண்டாவது, கழுத்து. அங்கே ஒரு கட்டி, தைராய்டில் இருக்கிறதாம். கெட்டது இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும். குரலுக்குப் போகிற நரம்பு அதன் பின்னாலேயே ஓடுகிறதென்று டாக்டரம்மா ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். நூறில் ஒன்றிரண்டு பேருக்குக் குரல் மாறலாம், அபூர்வமாகப் போயும்விடலாம். 21ஆம் தேதி ஆபரேஷன்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. நூறில் ஒன்று என்பது பெரிய விஷயமா என்ன?

7 ஜனவரி, புதன்

வரலாறு எழுத உட்கார்ந்தால் முதல் இரண்டு வருடத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் இசக்கியப்பன். ஒயர் இழுத்தவர், இன்று வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவர். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தவறாமல் வருகிறார். அவரிடம் வரலாறு கேட்பதில் ஒரு சிக்கல்: அவருக்குத் திக்குவாய். பிறவியிலிருந்தே. 'ம'வும் 'த'வும் வந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் நாங்கள் இருபத்து மூன்று வருடமாகக் கண்ணாடி வழியே கையால்தான் பேசிக்கொள்கிறோம். ஒரு விரல் காட்டினால் ஒரு நிமிடம். காதைத் தொட்டால் மைக்கை விட்டுத் தள்ளிப் பேசு. உள்ளங்கையைக் கவிழ்த்தால், 'லீதியாள், போதும், நிறுத்து' என்று அர்த்தம். பெரும்பாலும் இந்தக் கடைசிதான்.

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நாளை பதில் எழுதிக்கொண்டு வருகிறாராம்.

8 ஜனவரி, வியாழன்

நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வாயில் வராததெல்லாம் பேனாவில் கொட்டுகிறது.

எனக்குத் தெரியாத சங்கதிகள். 1983இல் அவரே இங்கே நெஞ்சு வார்டில் காசநோயோடு எட்டு மாதம் கிடந்திருக்கிறார். பார்க்க யாரும் வருவதில்லை. வந்தவர்களும் வாசலிலேயே நின்று பழத்தை வைத்துவிட்டுப் போவார்களாம். குணமானதும் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. முதல் வேலையாக அந்த வார்டுக்கு ஒயர் இழுத்து ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார். நிலையம் முதலில் சலவைக் கூடத்தை ஒட்டிய அறையில் இருந்தது. வெந்நீர் ஆவியில் மைக் நனைந்து எல்லோரும் ஜலதோஷக்காரர்கள் மாதிரி ஒலித்தார்கள். மாடிக்கு மாற்றின பிறகு தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழியும் சத்தம் மைக்கில் விழுந்து, மழை என்று நினைத்து நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினார்கள். நோயாளி பெயரைச் சொல்லாமல் 'மூன்றாம் வார்டு பதினோராம் கட்டில்' என்று சொல்லும் வழக்கமும் நெஞ்சு வார்டிலிருந்து வந்ததுதான். உறவுக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே.

அப்புறம் அந்த ஒரு வரி. நாங்கள் நிகழ்ச்சியை முடிப்பது எப்போதும் ஒரே மாதிரி: "மணி ஏழு. மாத்திரை போட்டாச்சா?" இதைத் தான்தான் உருவாக்கியதாக அருமைநாயகம் சார் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். இசக்கியப்பன் எழுதியிருப்பது வேறு. முதல் நாள் பேசியவர் மற்ற வானொலிகளைப் போலவே "மீண்டும் சந்திப்போம்" என்று முடித்தாராம். மறுநாள் வீட்டுக்குப் போக இருந்த ஒருவரின் மனைவி, "மறுபடியும் இங்கயா? என்ன பேச்சு பேசுதாவ?" என்று அழுதுகொண்டு மாடியேறி வந்துவிட்டாள். இரண்டாம் நாள் "விடைபெறுகிறோம்" என்றார்கள். அன்று விடியற்காலையில்தான் ஒரு வார்டில் ஒருவர் இறந்திருந்தார். மூன்றாம் நாள் என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் 'வாருங்கள்' என்றாலும் குற்றம், 'போங்கள்' என்றாலும் குற்றம். இவர் ஒரு சீட்டில் அந்த வரியை எழுதி நீட்டியிருக்கிறார். எட்டு மாதம் படுத்திருந்தபோது ஏழு மணிக்கு யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்ததாம்.

அடியில் ஒரு குறிப்பு: "இரண்டு 'ம' இருக்கிறதே என்று யோசித்தேன். நான் சொல்லப்போவதில்லையே என்று தைரியமாக எழுதிவிட்டேன்."

படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன்.

13 ஜனவரி, செவ்வாய்

போகி. பழைய டெலிபோன் டைரக்டரியை எறிவதற்கு முன்னால் 'சு' வரிசை முழுவதையும் சத்தமாக வாசித்தேன். சுடலைமுத்து மட்டும் இரண்டு பக்கம். அக்கா மகளுக்கு போன் போட்டு நாற்பது நிமிடம் பேசினேன். சொல்ல ஒன்றும் விசேஷமில்லை. "சித்தி, நல்லாத்தான இருக்கிய?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள்.

18 ஜனவரி, ஞாயிறு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்று உள்ளங்கை கவிழவே இல்லை. நானும் பேசிக்கொண்டே இருந்தேன். மூன்று பாட்டு போட நேரமில்லாமல் போயிற்று.

19 ஜனவரி, திங்கள்

நாலாம் வார்டு, ஒன்பதாம் கட்டில். இனி என் பெயர் அதுதான்.

பக்கத்துக் கட்டில் உலகம்மாள். கடையம் பக்கம், பீடி சுற்றுகிறவள். பித்தப்பையில் கல் எடுத்திருக்கிறார்கள். வந்த அரை மணியில் என் ஊர், சாதி, சபை, கழுத்து எல்லாம் விசாரித்துவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை என்றதும் மேலே கேட்காமல் ஓர் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். என் தலைக்கு மேலே பேசும் பெட்டி. ஆறு வார்டிலும் பெட்டிகள் ஒட்டடையோடு தொங்க, இது மட்டும் துடைத்துப் புது ஒயர் போட்டுப் பளிச்சென்று இருக்கிறது. தற்செயலாக இருக்கும்.

நான் இல்லாத நாட்களில் அருமைநாயகம் சார் பேசுகிறார். ஐந்தரைக்கு ஆரம்பித்தார்: "அன்பார்ந்த பிணியாளர் பெருமக்களே!" உலகம்மாள் என்னிடம், "எக்கா, யாரையோ கூப்பிடுதாவ," என்றாள். ஏழு மணிக்கு, "மாத்திரைகளை உட்கொண்டுவிட்டீர்களா?"

அடுத்து நடந்ததை எப்படி எழுதுவது? வார்டு முழுக்க, இருபத்திரண்டு கட்டிலிலிருந்தும், படுத்த வாக்கில், புரண்ட வாக்கில், ஒரே குரலில் பதில் வந்தது: "போட்டாச்சு!" மூலையில் கிடந்த பாட்டி ஒரு நொடி தாமதமாகச் சொன்னாள். சிஸ்டர் ரூபி தட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கிளம்பினார்.

இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன். தான் பதினேழு வருடம் முன்னால் வேலைக்கு வந்தபோதே இப்படித்தான், எல்லா வார்டிலும் இப்படித்தான் என்றார் சிஸ்டர். அது எனக்குத் தெரியாது என்பதை அவர் நம்பவில்லை. எப்படித் தெரியும்? அந்த நேரம் நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்து மூன்று வருடமாகக் கேள்வி கேட்டேன். பதில் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

20 ஜனவரி, செவ்வாய்

இன்று நானும் எல்லோரோடும் சேர்ந்து "போட்டாச்சு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

நாளை காலை எட்டு மணிக்கு.

22 ஜனவரி, வியாழன்

இருக்கிறேன்.

23 ஜனவரி, வெள்ளி

கழுத்தில் கட்டும், ஒரு குழாயும். விழுங்கினால் முள்.

முந்தாநாள் மயக்கம் தெளிந்ததும் பேர் கேட்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. இன்று டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார்கள். நரம்பு அறுபடவில்லை, ஒரு பக்கம் சோர்ந்திருக்கிறது, முயற்சி செய்யச் செய்ய வரும் என்றார்கள். "ஒரு 'ஆ' சொல்லுங்க பாப்போம்." தலையை ஆட்டினேன். "வலிக்குதா?" வலி என்று தாளில் எழுதினேன்.

வலி உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. சொல்லிப் பார்க்காத வரைக்கும் குரல் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்து மறுபடியும் காற்று வந்தால்? டிரங்க் காலில் எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும் வரையில் ஆள் வீட்டில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பார்வை நேரத்தில் இசக்கியப்பன் வந்தார். கஞ்சி கொண்டுவந்திருந்தார். மனைவி போய் ஒன்பது வருடம், தானே பொங்கித் தின்கிறவர். கஞ்சி நன்றாக ஆறியிருந்தது, உப்பும் சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் கையாலேயே பேசினோம். மற்ற எல்லோரும் என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறார்கள், குரல் போனால் காதும் போய்விடும் போல. இவரிடம் மட்டும் எதுவும் மாறவில்லை.

24 ஜனவரி, சனி

அருமைநாயகம் சாரின் சம்பந்தி தூத்துக்குடியில் இறந்துவிட்டார். சார் போய்விட்டார், மூன்று நாள் வர மாட்டார். இன்று பெட்டியில் பாட்டு மட்டும்தான். ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு, நடுவில் பேச்சு இல்லை. ஏழு மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை.

வார்டு காத்திருந்தது. நிஜமாகவே காத்திருந்தது. எட்டு மணிக்கு சிஸ்டர் ரூபி வந்து பார்த்தால் பாதிப் பேருக்கு மாத்திரை தலைமாட்டிலேயே இருக்கிறது. உலகம்மாளைத் திட்டினார். அவள் பதில், "கேக்காம எப்படிப் போடுததுன்னு இருந்துட்டேன், சிஸ்டர்."

25 ஜனவரி, ஞாயிறு

காலையில் டாக்டரம்மா கோபித்துக்கொண்டார்கள். நான்கு நாள் ஆகிவிட்டது, இனியும் பேசாமல் இருந்தால் சோர்ந்தது சோர்ந்தபடியே நின்றுவிடும் என்றார்கள். தாளில் எழுதப்போனேன், பேனாவை வாங்கி அவர்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளை உலகம்மாளின் வீட்டுக்காரரிடம் இன்னொரு பேனா இருந்தது.

நாலு மணிக்கு இசக்கியப்பன் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு சீட்டை நீட்டினார். சிஸ்டர் ரூபி மாடியேறி வந்து, இன்று அந்த ஒரு வரியையாவது இவரே மைக்கில் கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வேண்டாம், ஆறு வார்டு கேட்கும், யாராவது சிரித்துவிடுவார்கள் என்று எழுதினேன். அவர் அதற்குக் கீழே எழுதினார்: "நீங்கள் பேசினால் நானும் பேசுகிறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தொண்டையை வைத்துப் பேரம் பேச இவர் யார்? சீட்டைக் கிழித்து அவர் கையிலேயே திணித்தேன். சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கஞ்சிப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டார்.

ஐந்தரைக்குப் பாட்டு ஆரம்பித்தது. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவர் பேசப்போவதில்லை, நான் பேசவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பாட்டு நின்றது. மைக்கைப் போட்ட சத்தம். பிறகு மூச்சு.

"ம... ம... மணி ஏழு."

வந்துவிட்டது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மா... மா..."

நின்றுவிட்டது. வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பெட்டியில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் மறுபடியும், "மா... மா... மா..." அவருக்கு எதிரே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. கை காட்ட ஆளில்லை. பேசாதவள் பேசட்டும் என்று காத்திராமல், ஒரு வார்டு மாத்திரை போடாமல் கிடக்கக் கூடாதென்று அந்த மனுஷன் அங்கே தனியாக முட்டிக்கொண்டிருக்கிறார்.

"மாத்திரை," என்றேன்.

நான்தான் சொன்னேன். தகரக் கதவை இழுத்த மாதிரி இருந்தது. உலகம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இரண்டு மாடிக்கு மேலே இருக்கிறவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. இருந்தாலும் அடுத்த நொடியே பெட்டி முழுசாகச் சொன்னது: "மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு!" இரண்டாம் வார்டிலிருந்தும் ஐந்தாம் வார்டிலிருந்தும்கூட நடை வழியாகச் சத்தம் வந்தது. நான் கேட்ட நாட்களில்கூட இத்தனை உரக்கப் பதில் வந்ததில்லை என்று சிஸ்டரே பிறகு ஒப்புக்கொண்டார்.

"எக்கா, பேசிட்டியளே," என்றாள் உலகம்மாள்.

"ஆமா," என்றேன். அதுவும் வந்தது. பிறகு அழுதேன். கழுத்தில் தையலோடு அழுவது லேசான காரியமில்லை, உலகம்மாள் தலையணையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

26 ஜனவரி, திங்கள்

டாக்டரம்மாவிடம் "ஆ" சொன்னேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பார்வை நேரத்தில் அவர் கஞ்சிப் பாத்திரத்துக்காக வந்தார். நான் பேசியதை உலகம்மாள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள், என்ன சொன்னேன் என்பதையும் சேர்த்து. அவர் என்னைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைத் துடைத்தார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரம் அது.

9 பிப்ரவரி, திங்கள்

வரலாற்றைக் கொடுத்துவிட்டேன். பதினொரு பக்கம். அந்த வரியை எழுதியவர் இசக்கியப்பன் என்று தேதியோடு போட்டிருக்கிறேன். அருமைநாயகம் சார் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். "நினைவு பிறழ்ந்திருக்கக்கூடும்," என்றார், யாருடைய நினைவு என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை. நல்ல மனுஷர்தான்.

இன்றிலிருந்து மறுபடியும் மாடி. குரல் பாதிதான் இருக்கிறது. கனத்து, அடியில் கரகரவென்று. பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது உத்தரவு. முதல் சீட்டே இரண்டாம் வார்டிலிருந்து வந்தது: புதிதாக வந்திருக்கும் அம்மா யார், நன்றாகப் பேசுகிறார்கள், இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லவும். பழைய லீதியாளை ஒருவரும் விசாரிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது. பிறகு சரியாகிவிட்டது. ஏழு மணிக் கேள்வியை இசக்கியப்பனிடமே விட்டுவிட்டேன், கதவையும் திறந்துவைத்தேன். இன்று அவருக்கு ஒரு இடத்தில்தான் தடுக்கியது. ஆறு வார்டிலிருந்தும் பதில் படியேறி வந்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். வழக்கமாக வர மாட்டார்; கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவார், நான் நிமிர்வேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன். 'தி' நடுவில் நிற்கிறது என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"லீ..." என்றார். நின்றுவிட்டது. மறுபடியும், "லீ... தி... தி..."

எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை.

முழுப் பெயரும் வந்துசேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதும் மெதுவாகத்தான் வந்தது. அதை இதில் எழுதுவதாக இல்லை.